கொத்தமங்கலம் போய்வரும் கிண்ணம்

எவர்சில்வர் கும்பாவில் கொதிக்கக் கொதிக்க எதை ஊற்றினாலும் அதைக் கையில் எடுக்க முடியாது. காரைக்குடிக்கு வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. என் விரல்கள் இன்னும் இதற்குப் பழகவில்லை. இங்குள்ளவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல. அவர்கள் பாத்திரத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவதில்லை. இலை தரையில் இருக்கும், தட்டு மேஜையில் இருக்கும், மனிதன்தான் குனிவான். நாங்கள் இருந்த தேசத்தில் மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், கிண்ணம் அவன் முகத்துக்கு வரும். இரண்டு உள்ளங்கைகளும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்குப் பெரிய பீங்கான் கிண்ணம். அடியில் ஒரு வளையம் இருக்கும், அதைப் பிடித்தால் சூடு தெரியாது. அதற்குள் அரிசி நூடுல்ஸ், அதன் மேல் மீன் சாறு, அதற்கும் மேல் முட்டையும் பொரித்த வெங்காயமும் எலுமிச்சைச் சாறும். குனிந்து சாப்பிடும் ஊர், நிமிர்ந்து சாப்பிடும் ஊர் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். நான் இரண்டுக்கும் நடுவில் விரலைச் சுட்டுக்கொண்டு நிற்கிறவன்.

என்னைப் போலக் கப்பலில் வந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது பர்மாவில், மோல்மீனில். என் தகப்பனார் தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவர். அக்கரைக்குப் போய்ச் சிறிய பலசரக்குக் கடை வைத்தவர். நான் அங்கேயே படித்து அங்கேயே பள்ளிக்கூட வாத்தியாரானேன். அறுபதுகளில் கடைகள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது எங்களைப் போன்றவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினோம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு அதிகாரி என் முதுகில் தட்டி, "சொந்த ஊருக்கு வந்துட்டீங்க, இனிமே பயமில்லை" என்றார். நான் அந்த ஊரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. பயம் அங்கேதான் தொடங்கியது.

என் மனைவி அப்பன் வழியில் தமிழ், தாய் வழியில் பர்மியப் பெண். பிறந்த பெயர் ம சுவே. பர்மிய மொழியில் ம என்பது பெண் பெயருக்கு முன்னால் வருவது, சுவே என்றால் பொன். காரைக்குடியில் வாடகை வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் பெயர் கேட்டார். யோசிக்காமல் "தங்கம்" என்று சொல்லிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் தங்கம்தான். முகத்தை மறைக்க முடியாது, அந்தச் சின்னக் கண்களையும் கன்ன எலும்பையும் பார்த்து, "வாத்தியார் வீட்டம்மா நேபாளமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதனால் மறைக்க முடிந்ததையெல்லாம் மறைத்தேன். அவளுடைய பர்மிய லுங்கிகள் பெட்டிக்குள் போயின. மொஹிங்கா என்கிற அந்த மீன் சாற்றை எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வைப்போம். கெளுத்தி மீன், வாழைத்தண்டு, வறுத்து அரைத்த அரிசி, கொல்லையில் அவள் வளர்த்த எலுமிச்சைப்புல். நூடுல்ஸ் கிடைக்காது, இடியாப்பத்தைக் கொஞ்சம் தடிமனாகப் பிழிவாள். கதவு சாத்தியிருக்கும் அந்த ஒரு மணி நேரம் நாங்கள் பர்மிய மொழியில் பேசிக்கொள்வோம். அது எங்கள் வீட்டுக்குள் இருந்த இன்னொரு நாடு. அதன் எல்லை அடுப்படிக் கதவு. மற்ற நேரமெல்லாம் தமிழ். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்று பயந்தேன். யாரும் எதுவும் சொன்னதில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகள் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு நாள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கல்கத்தாவிலிருந்து போன். என் மனைவியின் தங்கை ம கின். கப்பல் ஏறிய நாளுக்குப் பிறகு அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. வேளாங்கண்ணிக்கு வரும் ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு வந்திருக்கிறாள், அங்கிருந்து காரைக்குடிக்கு வந்து இரண்டு நாள் தங்குவாள். போனை வைத்ததும் என் மனைவி பூத்துக்குள்ளேயே கண்ணாடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்து அவள் முதலில் சொன்னது, "எனக்குப் பெரிய கிண்ணம் வேணும்" என்பதுதான். அம்மா வைத்திருந்த ஆறு கிண்ணங்களை நாங்கள் வரும்போது தங்கையிடம்தான் விட்டுவிட்டு வந்தோம். தங்கை வருகிறபோது தன் வீட்டில், தன் கிண்ணத்தில், அவளுக்கு மொஹிங்கா ஊற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. முப்பது வருஷத்தில் அவள் கேட்ட ஒரே பொருள் அது என்று பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பஜாரில் முதலில் எவர்சில்வர் கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் எங்களை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்தார்.

"எதுக்குன்னு சொல்லுங்க சார், அதுக்குத் தக்கன எடுத்துத் தாரேன். பாயசத்துக்கா, ரசத்துக்கா?"

"சூப்பு மாதிரி. இடியாப்பம் போட்டு மேலே ஊற்றிச் சாப்பிடுவது. பீங்கானில் வேண்டும்."

"எத்தனை பேருக்கு?"

"ஆளுக்கு ஒன்று."

நான் கைகளால் காட்டிய அகலத்தை அவர் பார்த்தார். என் வயிற்றையும் பார்த்தார். "கோவிச்சுக்காதீக சார். ஒத்த ஆளுக்கு இம்புட்டு அகலமா? எங்க வீட்டுப் பசுவுக்கே இதைவிடச் சின்னதுலதான் தவிடு வைக்கிறோம்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இல்லை. 'ஆளுக்கு ஒன்று' என்று ஏன் சொன்னேன், விருந்துக்கு என்று சொல்லியிருக்கலாமே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் பஸ் ஏறித் தேவகோட்டைக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் நீலக் கரை போட்ட எனாமல் பேசின் ஒன்றைத் துடைத்து எடுத்து வைத்தார்கள். "இதுல ஊத்தினா ம கின் என்ன நினைப்பா தெரியுமா? அக்காளை ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்கன்னு நினைப்பா" என்றாள் என் மனைவி. இன்னொரு கடையில் பூப்போட்ட பிளாஸ்டிக் கிண்ணம். டெலிவிஷனில் விளம்பரம் வருகிற பாக்கெட் நூடுல்ஸுக்குக் குழந்தைகளுக்காக வாங்கிப் போவது. அதில் கால் வயிறுகூட நிரம்பாது. நூடுல்ஸ் என்ற சொல் இந்த ஊருக்கு வந்துவிட்டது, கிண்ணம்தான் வரவில்லை.

ஆனால் கிண்ணம் எங்களுக்கும் முன்பே வந்திருந்தது. அதைத்தான் நான் யோசிக்கவில்லை. ரங்கூனிலும் மோல்மீனிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீடுகள் தேக்கை மட்டுமா கொண்டுவந்தன? பீங்கானையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தன. பெண்ணுக்குச் சீர் பரப்பும்போது ஜாடி, தட்டு, கிண்ணம் என்று வரிசையாக அடுக்கினார்கள். அடுக்கியதை மறுபடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாப்பிட்டது இலையில். இப்போது அந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்தவை பழைய சாமான் கடைத் தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தெருவில் ஹனீபா பாய் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது தலைக்கு மேல் தொங்கிய கண்ணாடி விளக்குகள் இடிக்காமல் குனிந்து போக வேண்டியிருந்தது.

"வாங்க சார், வாங்கம்மா. பார்த்து வாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து பூட்டைக் கேக்குறாக, சினிமாக்காரங்க வந்து தூணைக் கேக்குறாக. சோறு திங்கிறதுக்குச் சாமான் கேட்டு வந்தது நீங்க ரெண்டு பேருதான்" என்றார் பாய். சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து வைக்கோல் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து பிரித்தார்.

வாத்து முட்டை நிறத்தில் ஆறு கிண்ணங்கள். விளிம்புக்குள் ஒரு நீலக் கோடு, வெளியே மங்கிப்போன புல் வரைந்திருந்தது. என் மனைவி ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினாள். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். ஆறையும் தட்டினாள். பிறகு ஒன்றை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்குக் கொண்டுபோனாள். காலிக் கிண்ணம்தான். ஆனால் அவள் தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் தட்டினார்.

நான் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடி வளையத்துக்குள் கூரிய முனையால் மூன்று தமிழ் எழுத்துகள் கீறியிருந்தன, இடையிடையே புள்ளி. அது வீட்டு விலாசம். இங்கே செட்டியார் வீடுகளில் கரண்டிக்குக்கூட விலாசம் வெட்டியிருப்பார்கள். எந்த வீட்டுப் பொருள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் இருக்கிற எல்லாப் பொருளிலும் யாராவது ஒருவருடைய எழுத்து இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் "இது யார் வீட்டுச் சாமான், பாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் என்ன சொல்வாரோ, அதற்குப் பிறகு வாங்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்து கேட்கவில்லை. என் மனைவிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அந்த எழுத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்துவிட்டேன். பணம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

யாருடையது என்ற கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். மோல்மீனில் அப்பாவின் கடையைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்ட நாளில் நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். காக்கி உடுப்பில் ஓர் இளைஞன், என் மாணவன் வயதுதான் இருக்கும், ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டான். தராசு யாருடையது? "என்னுடையது" என்றார் அப்பா. எடுத்துக்கொண்டார்கள். மேஜை யாருடையது? "என்னுடையது." எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் யாருடையது என்றபோது அப்பா வாயைத் திறக்குமுன் நான், "பக்கத்து வீட்டுக்காரருடையது" என்றேன். சைக்கிள் தப்பியது. அன்று நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: என்னுடையது என்று சொன்ன பொருள்தான் பறிபோகும். பிள்ளைகளுக்கு எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன், நான் மறக்காமல் வைத்திருந்த பாடம் இது.

கிண்ணங்கள் வீட்டுக்கு வந்த வாரம் என் மனைவி இளமையாகிவிட்டாள். வெள்ளோட்டமாக ஒரு நாள் இரண்டு கிண்ணத்தில் மொஹிங்கா வைத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன மீன் குழம்பு டீச்சரம்மா, தெருவே மணக்குது?" என்றாள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் எப்போதும் வேலை பார்த்ததில்லை; வாத்தியார் பெண்சாதி என்பதால் அவளும் டீச்சர். "உள்ள வாங்க, தாரேன்" என்று கூப்பிட்டாள். நான் கிண்ணத்தை முகத்துக்கு உயர்த்தினேன். ஆவியில் கண்ணாடி மங்கிப்போனது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்த ஊர் என்றே தெரியவில்லை, அது நன்றாக இருந்தது.

தங்கை வருவதற்கு நாலைந்து நாள் இருந்தபோது ஒரு காலையில் வாசலில் வெள்ளை அம்பாசடர் கார் வந்து நின்றது. கதர்ச் சட்டைப் பெரியவர் ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் காக்கிச் சட்டையில் ஓர் ஆள் இறங்கி, கேட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் பெரியவரைப் பார்க்கவே இல்லை. காக்கியைத்தான் பார்த்தேன்.

"சார்தானே பர்மா வாத்தியார்?" என்றார் பெரியவர். "ஹனீபா பாய் கடையில விலாசம் போட்ட பீங்கான் கிண்ணம் ஆறு வாங்கினது நீங்கதான்னு சொன்னாக. கொத்தமங்கலத்து வீட்டுச் சாமான் அது. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு..."

அவர் பேசி முடிக்கவில்லை. என் வாய் முந்திக்கொண்டது. "நான் வாங்கவில்லை. வீட்டில் அவள் வாங்கினாள். அவள் பர்மாக்காரி. நம் எழுத்து படிக்கத் தெரியாது. எது யாருடைய சாமான் என்று அவளுக்கு என்ன தெரியும்?"

வகுப்பில் பேசுகிற தமிழில்தான் பேசினேன். பயத்தில் எனக்கு அந்தத் தமிழ்தான் வரும். நான் சொன்னதில் படிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் உண்மை. முப்பது வருஷமாக ஊரில் யாரும் அவளைப் பர்மாக்காரி என்று என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதலில் சொன்னவன் நான்.

அடுப்படியில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள். தண்டின் நாரைச் சுட்டுவிரலில் சுற்றிச் சுற்றி எடுப்பாளே, அந்த நார்ச் சுருள் விரலில் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான் வாங்குனேன்" என்றாள் பெரியவரிடம். "சாருக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் என்னைச் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியவர் சிரித்தார். "நல்லதாப் போச்சும்மா. ஏன் சார் இப்படி வேர்க்குறீக? உக்காருங்க. நான் ஆச்சி வீட்டுக் கணக்குப்பிள்ளை. ஆச்சி மெட்ராஸுல இருக்காக, வருஷத்துக்கு ஒருக்கா வந்து வீட்டைத் திறப்பாக. இந்தத் தடவை அவுக அறையத் திறந்தா பாதிச் சாமானைக் காணோம். பங்காளி ஒருத்தர் மாத்துச் சாவி போட்டு வித்துப்புட்டாரு. அவரு ரெண்டு கிண்ணந்தான்னு சாதிக்கிறாரு. எத்தனைன்னு பார்த்துட்டு வரச் சொன்னாக, அம்புட்டுதான். கடையில வாங்கின சாமான் உங்க சாமான். உங்களை யாரு என்ன கேக்கப் போறா?"

கேட்டுப் பக்கம் நின்ற காக்கிச் சட்டைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா சார்? வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார். அவர் கார் டிரைவர்.

எல்லோரும் போன பிறகு நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, பர்மிய மொழியில், மன்னித்துவிடு என்றேன். அவள் எழுந்து கதவைத் திறந்தாள். "அடுப்புப் புகை போகட்டும்" என்றாள், தமிழில். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பர்மிய மொழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை இல்லை, சோறு நிற்கவில்லை, காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். எல்லாம் தமிழில். மோல்மீனில் படகுத் துறையில் நான் அவளிடம் முதன்முதலில் பேசியது எந்த மொழியோ அந்த மொழியின் கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். அவளைத் தவிர அதைப் பேச எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் ஆச்சியே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய வயது, கையில் ஒரு விசிறி. கிண்ணங்களை என் மனைவி அதற்குள் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, கூடையில் அடுக்கி வைத்திருந்தாள். ஆச்சி ஒன்றைப் பிரித்து எழுத்தைத் தடவினார். "எங்க ஆத்தா சீருல வந்தது. அவுக அப்பச்சி ரங்கூன்லேருந்து அனுப்புனது. இதுல நாங்க ஒரு நாளும் சாப்பிட்டதில்ல, பார்த்துக்கங்க. எதுக்குன்னே தெரியாம வச்சிருந்தோம்" என்றார். பிறகு, "நீங்க வச்சுக்கங்க ஆத்தா. நான் எண்ணிப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

"வேணாம் ஆச்சி. எடுத்துட்டுப் போங்க" என்றாள் என் மனைவி.

"தங்கச்சி வர்றதா கணக்குப்பிள்ளை சொன்னாரே. அவுக வந்து போற மட்டுமாவது இருக்கட்டும்."

"வேணாம்."

கூடையைக் காரில் ஏற்றுமுன் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பிடி அரிசி போட்டாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், வந்த புதிதில், யாரும் நம்மைக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. ஆச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கார் போன பிறகு, ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். நியாயமாக நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"நாமதான் வாங்கினோம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது நம்ம சாமான். நீங்க சொல்லலையே" என்றாள்.

ம கின் வந்தாள். அக்காளும் தங்கையும் பஸ் நிலையத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிக்கொண்டு நின்றதை நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டு நாளும் வீடு முழுக்கப் பர்மிய மொழி. ஜன்னல்கள் திறந்தே இருந்தன. நான் ஏதாவது கேட்டால் தங்கை பர்மிய மொழியில் பதில் சொல்வாள். என் மனைவி அதை எனக்குத் தமிழில் சொல்வாள், தெருவில் போகிற யாரோ ஒருவருக்குச் சொல்வதைப் போல. தங்கை ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். மொஹிங்காவை எவர்சில்வர் கும்பாவில்தான் ஊற்றினோம். ம கின் எடுக்கப்போய் விரலை உதறிக்கொண்டாள். பிறகு தன் துண்டை மடித்துக் கும்பாவைச் சுற்றிப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மாவின் ஆறு கிண்ணங்களில் இப்போது இரண்டு மிஞ்சியிருக்கின்றனவாம். ஒன்று தனக்கு, ஒன்று அக்காள் வந்தால் அவளுக்கு என்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பஸ் ஏறும்போது அக்காளின் கையைப் பிடித்து, "வா" என்றாள். வந்து இருந்துவிட்டுப் போ என்று சொன்னாளா, வந்துவிடு என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சிரித்தாள், பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காக நான் பயந்துகொண்டே இருக்கிறேன். கடைக்குப் போனவள் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் லுங்கிப் பெட்டி இருக்கும் மூலையைப் போய்ப் பார்க்கிறேன்.

அது இப்போதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வேறொன்று நடந்தது. தங்கை போன மாதத்தில் கணக்குப்பிள்ளை மறுபடி வந்தார். கையில் துணி கட்டிய கிண்ணம் ஒன்று, ஆறில் ஒன்று, நிறைய மனகோலம். முறுக்கைப் போலப் பிழிந்து வெல்லப்பாகில் போட்ட செட்டிநாட்டுப் பலகாரம். "ஆச்சி இந்த வருஷம் மெட்ராஸ் போகல, இங்கேயே இருக்காக. கொடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. என் மனைவி அன்று சாயங்காலமே அதைக் கழுவி, அவித்த பனங்கிழங்கை வைத்துக் கட்டி, "கொடுத்துட்டு வாங்க" என்றாள். பத்து நாளில் அது கறுப்புக் கவுனி அரிசியோடு திரும்பி வந்தது. அடுத்த தடவை என் மனைவி இடியாப்பத்தை வைத்துக் கட்டி, சாற்றைத் தனியாகத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். ஆச்சிக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை எப்படிச் சாப்பிடுவது என்று என்னிடம் கேட்டார். கையில் எடுத்து, முகத்துக்குக் கொண்டுபோய், என்று காட்டினேன். இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ராத்திரிக்கு மேல் அந்தக் கிண்ணத்தை என் மனைவி எங்கள் வீட்டில் வைத்திருப்பதில்லை. அதில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. ஆச்சி அதைத் திரும்ப அனுப்பாமல் இருந்ததும் இல்லை.

சுமக்கிறவன் நான். கொத்தமங்கலம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, துண்டால் சுற்றிய கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறேன். சாலை மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வருகிறது. உடைந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ஒரே பொருள் போய்விடும். அதற்குப் பிறகு என் மனைவி எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எனக்குத் தெரியாது. துணிக்குள்ளும் அந்த மூன்று எழுத்துகள் உள்ளங்கையில் தட்டுப்படுவதுபோல் இருக்கும். போன வாரம் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அப்படி என்ன சார் பிள்ளையப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கீக? யாரு சாமான் இது?" என்றார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"எங்க வீட்டுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். யாரும் அதை என்னிடமிருந்து பிடுங்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டிப் பொட்டலுக்கு வந்திருந்தது. பின்னால் என் வீடும் தெரியவில்லை, முன்னால் ஆச்சி வீடும் தெரியவில்லை. கிண்ணத்துக்குள் இருந்த இடியாப்பத்தின் சூடு துண்டைத் தாண்டி மடிக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவள் அடுப்படியில், வேறொரு மொழியில், தனக்குத்தானே ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள்.